வெண்டைக்காய்க்குப் போட்ட ஓட்டு

நல்லா சாஞ்சு உக்காருங்க அண்ணாச்சி, டோக்கன் கூப்பிட மத்தியானம் ஆயிரும். உங்களுக்குப் பட்டா மாறுதல்தான? பேப்பரச் சுருட்டி வச்சிருக்கதப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு. பட்டாக்காரங்க சுருட்டி வச்சிருப்பாங்க, முதியோர் பென்சன்காரங்க நாலா மடிச்சு வச்சிருப்பாங்க. நான் திங்கக்கிழமை தவறாம வாரவன், எனக்கு எல்லாம் பழக்கம். வாசல்ல போலீஸ்காரன் உங்க தண்ணி பாட்டில மோந்து பாத்தானா? மண்ணெண்ணெய் கொண்டு வந்திருக்கியளான்னு பாக்கான். என் பாட்டில மட்டும் மோந்து பாக்க மாட்டான். “போங்க வேட்பாளரே”ம்பான். கலெக்டர் ஆபீஸ்ல எனக்கு அந்த மரியாதை இருக்கு.

ஆமா, வேட்பாளர்தான். போன சட்டமன்றத் தேர்தல்ல நின்னவன். பேரு பலவேசம், ஊரு பனையடிக்குளம். முழிக்காதீங்க, அந்தப் பலவேசம் இல்ல. அவரு பெரிய கட்சி, மாலையும் காருமா அலையுதவரு. நான் மோட்டார் வைண்டிங். சுயேச்சை. வெண்டைக்காய் சின்னம்.

அன்னா, வேப்பமரத்து நெழல்ல நீலச் சேலை உடுத்து, மடியில தூக்குச்சட்டிய வச்சிட்டு உக்காந்திருக்கா பாருங்க, அதுதான் என் வீட்டுக்காரி பிரமசக்தி. அவ விஷயமாத்தான் வாரா வாரம் வாரேன். அவ எனக்குப் போட்ட ஓட்டக் காணல. பட்டனத் தட்டியிருக்கா, லைட்டு எரிஞ்சிருக்கு, கீன்னு சத்தமும் வந்திருக்கு. ஆனா எண்ணும்போது ஓட்டு இல்ல. அதக் கண்டுபிடிச்சுத் தாங்கன்னு மனு. உங்களுக்குச் சிரிப்பா வருது. வரட்டும். பட்டாவுல ஒரு சென்டு குறைஞ்சா நீங்க சும்மா இருப்பியளா? எனக்கு ஒரு பொம்பளையோட ஓட்டே குறையுது.

முதல்ல இருந்து சொன்னாத்தான் விளங்கும். பிரமசக்தி பீடி சுத்துதவ. சுத்துன பீடியக் கட்டு கட்டி, தட்டுல வச்சி, வாரா வாரம் கம்பெனியில கொண்டு போடணும். ரோடு எங்க ஊரு வழியாத்தான் போகுது. டவுன் பஸ்ஸும் எங்க ஊரு வழியாத்தான் போகுது. ஆனா நிக்காது. ஸ்டாப்பு அடுத்த ஊர்ல. இவ தலையில தட்ட வச்சிக்கிட்டு ஒரு கைய நீட்டிக்கிட்டு நிப்பா. டிரைவர் இவளப் பாக்கவே மாட்டான், அவன் பாட்டுக்கு நேரா பாத்துக்கிட்டுப் போயிருவான். அதப் பாக்கும்போது எனக்கு வயிறு எரியும்.

மனுப் போட்டேன். டெப்போவுக்கு, கலெக்டருக்கு, மந்திரிக்கு. மனு எனக்குப் புதுசு இல்ல. ஊர்ல எதுக்கும் நான்தான் போடுதது. முத்தையா வீட்டுப் படி ரோட்டுல நீட்டிக்கிட்டு இருக்குன்னு போட்டேன், வந்து இடிச்சாங்க. கோயில் கொடையில ரேடியோ செட்டு சத்தம் கூடுதல்னு போட்டேன், கொடை பாதியில இருக்கும்போதே செட்டத் தூக்கிட்டுப் போனாங்க. ரேசன் கடைக்காரன் மத்தியானம் தூங்குதான்னு போட்டேன், கடையவே பக்கத்து ஊருக்கு மாத்திட்டாங்க. ஊருக்காக அவ்வளவு உழைச்சிருக்கேன் அண்ணாச்சி. ஆனா இந்த பஸ் ஸ்டாப்பு மட்டும் அசையல.

கடைசியில ஒரு நாள் நான் நடுரோட்டுல போயி நின்னேன். பஸ் நின்னுட்டு. ஏறினேன். சாவியத் திருப்பி உருவிக்கிட்டு இறங்கிட்டேன். சாவியத்தான் எடுத்தேன், பஸ்ஸ எடுக்கல. அத ஜட்ஜுகிட்டயும் சொன்னேன். டிரைவர்ட்ட, “ஸ்டாப்புன்னு எழுதிக் கொடுங்க, சாவியத் தாரேன்” அப்படின்னேன். பஸ்ஸுக்குள்ள ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் இருந்திருக்கு, அவங்களுக்கு முகூர்த்தம் போவுதுன்னு என்னைய வையிதாங்க. டிரைவரும் வையிதான். எனக்குக் கோவம் வந்து சாவியத் தூக்கி குளத்துல விட்டெறிஞ்சிட்டேன். ஃபயர் சர்வீஸ்காரங்க வந்து குளத்துல இறங்கித் தேடினாங்க. சாவி கிடைக்கல, யாரோ போன வருசம் போட்ட கிரைண்டர் கல்லு கிடைச்சுது. அரசு ஊழியரப் பணி செய்ய விடாமத் தடுத்தது, பொதுச்சொத்த நாசம் பண்ணுனது, எல்லாம் சேத்து ரிமாண்டு.

இதுல வேடிக்கை என்னன்னா, ஜாமீன் சீக்கிரமே கிடைச்சிட்டு. சொந்த வீடு இருக்கவங்க ரெண்டு பேரு வீட்டு வரி ரசீதோட வந்து கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். பிரமசக்தி வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு சொல்லுதா, ஊர்ல எல்லாருட்டயும் கேட்டாளாம், எல்லார் வீட்டு ரசீதையும் கரையான் அரிச்சிட்டாம். ஒரு வீடு விடாம. நான் அதுக்கும் ஒரு மனு எழுதுனேன், பனையடிக்குளத்துல கரையான் தொல்லை அதிகமா இருக்கு, உடனே மருந்து அடிக்கணும்னு. நான் உள்ள இருந்த அந்தக் காலத்துல ஊர்ல ஒரு சண்டை சச்சரவு இல்லையாம். பிரமசக்திதான் சொன்னா. மனசு சரியில்லாட்டி மனுசன் எப்படிச் சண்டை போடுவான்? எனக்காக வருத்தப்பட்டிருக்காங்க.

அப்பத்தான் எலக்‌ஷன் வந்துது. ஒரு நாள் என்னைய மனு பாக்க ஆள் வந்திருக்குன்னாங்க. ஜெயில்ல பாக்க வாரதுக்கும் மனுன்னுதான் பேரு. போயிப் பாத்தா, பெரிய பலவேசத்துக்கு எதிர்க்கட்சி ஒன்றியச் செயலாளர் நிக்காரு. வெள்ள வேட்டி, கையில ஆரஞ்சுப் பழம். “அண்ணே, தொகுதிக்கு உங்கள மாதிரி துணிஞ்ச ஆளு வேணும். நீங்க நிக்கணும்” அப்படின்னாரு. எனக்கு ஒன்னும் ஓடல. அவங்க கட்சியில ஏற்கனவே ஒருத்தர் நிக்காரு, அப்படி இருந்தும் என்னைய நிக்கச் சொல்லுதாருன்னா எவ்வளவு பெரிய மனசு பாருங்க. சுயேச்சைக்குத் தொகுதியில இருந்து பத்து பேரு முன்மொழியணும். மறுநாளே பத்து கையெழுத்தோட வந்துட்டாரு. பூராவும் எங்க ஊருக்காரங்க. முத்தையா கையெழுத்தும் இருக்கு. டெபாசிட்டும் அவரே கட்டிட்டாரு. “எல்லாம் உங்க பேருக்காகத்தாம்ணே”ன்னாரு. எம் பேருக்கு வெளிய இவ்வளவு மதிப்பு இருக்குதது எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

இதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல அண்ணாச்சி. என்னைய எம்.எல்.ஏ. ஆக்க பத்து பேரு கையெழுத்துப் போட்டான். வீட்டுக்குக் கூட்டிட்டு வர ரெண்டு பேரு வரல. எல்லாம் அந்தக் கரையான் செஞ்ச வேலை.

ஜெயில் சூப்பிரண்டு முன்னால உறுதிமொழி எடுத்தேன். இந்திய அரசியலமைப்பு மேல உண்மையான நம்பிக்கையும் பற்றும் வச்சிருப்பேன்னு வாசிச்சேன். நான் வாசிச்சு முடிக்க வரைக்கும் அவரு எந்திச்சு நின்னாரு. முடிச்சதும் “சரி, பிளாக்குக்குப் போ” அப்படின்னாரு. நான் போவல. “ஐயா, ஓட்டுப்போட என்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போவியளா, இல்ல பெட்டி இங்கன வருமா?”ன்னு கேட்டேன்.

“உனக்கு ஓட்டு கிடையாது”ன்னுட்டாரு.

“நான் வேட்பாளர் ஐயா.”

“வேட்பாளர்தான். நிக்கலாம். ஜெயிக்கலாம். சட்டசபைக்குப் போயி சட்டம்கூடப் போடலாம். ஜெயிலுக்குள்ள இருக்க வரைக்கும் ஓட்டுப் போடக்கூடாது. அப்படித்தான் சட்டம்.”

“நான் குத்தவாளின்னு ஜட்ஜு இன்னும் சொல்லலிய ஐயா.”

“சொன்னாலும் சொல்லாட்டாலும் உள்ள இருந்தா ஓட்டு இல்ல.”

“ஜெயிச்ச உடனே இந்தச் சட்டத்தத்தான் முதல்ல மாத்துவேன்”னேன். அவரு கண்ணாடியக் கழத்தித் தொடச்சிக்கிட்டே, “அது டெல்லியில மாத்த வேண்டிய சட்டம்ப்பா. நீ எம்.பி.க்கு நின்னிருக்கணும்” அப்படின்னாரு.

எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. ஊரு பூரா எனக்குப் போடும், அது வேற. ஆனா தன் ஓட்டு தனக்கு இல்லைன்னா அது என்ன பொழப்பு? நான் புலம்புததக் கேட்டுட்டு எங்க பிளாக்குல கட்டை செல்வின் எந்திச்சு வந்தான். செல்வின் யாருன்னா, நம்ம தொகுதிதான், வெளிய அவன் பேரச் சொன்னா கடைய அடைப்பாங்க. வெட்டு, குத்து, வசூல் எல்லாம் உண்டு. குண்டாஸ்ல உள்ள இருக்கான். அதான், குண்டர் சட்டம். அவன் என் பக்கத்துல உக்காந்து, “எனக்கு ஓட்டு உண்டு” அப்படிங்கான்.

நான் நம்பல. சூப்பிரண்டுகிட்ட கேட்டா, அவரு ஆமாங்காரு. கேஸ்ல உள்ள இருக்கவனுக்குத்தான் ஓட்டு கிடையாதாம். குண்டாஸ்ங்கது கேஸ் இல்லையாம், இனிமே ஏதும் செஞ்சிருவான்னு முன்கூட்டியே பிடிச்சு வைக்கதாம். அதனால அவனுக்குத் தபால் ஓட்டு வருமாம். கேட்டியளா அண்ணாச்சி? பஸ் சாவிய எடுத்தவனுக்கு ஓட்டு இல்ல. ஊரையே நடுங்க வைக்கவனுக்கு ஓட்டு கவர்ல போட்டு வீடு தேடி வருது.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். எனக்குக் குண்டாஸ் வேணும்.

பேப்பர் வாங்கி எழுதுனேன். “நான் பொது அமைதிக்குப் பெரும் பங்கம் விளைவிக்கக் கூடியவன். என்னை வெளியில் விட்டால் நாடு தாங்காது. ஆகவே ஐயா அவர்கள் என்னைக் குண்டர் சட்டத்தில் அடைக்க ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.” எங்க ஊரு ஸ்டேசன் இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினேன், அவரு எழுதி அனுப்பினாத்தான் கலெக்டர் கையெழுத்துப் போடுவாருன்னாங்க. இன்ஸ்பெக்டர் வேற ஒரு வேலையா ஜெயிலுக்கு வந்தவரு என்னையக் கூப்பிட்டு விட்டாரு. கையில என் மனு. “வே பலவேசம், பணிவன்புடன் கேக்கவன் எந்த ஊரு குண்டன் வே?” அப்படிங்காரு.

“ஐயா, நான் பயங்கரமானவன் ஐயா. நீங்க வெளிய விசாரிச்சுப் பாருங்க.”

“விசாரிச்சேன். நீரு ஒரு தெரு நாயக்கூட கல்லெடுத்து எறிஞ்சது இல்லைங்காங்க. மனு எறிவீராம். சாவியக் குளத்துல போட்டதுக்கு உமக்குக் குண்டாஸ் போட்டா, கலெக்டர் எம் மேல போடுவாரு.”

நான் விடல. செல்வின்ட போயி, குண்டன்னா எப்படி இருக்கணும்னு கேட்டேன். “பேசக்கூடாது”ன்னான். அது நமக்கு முடியாது. வேற கேட்டேன். “பாத்தா பயம் வரணும்”ன்னான். மறுநாள் சாப்பாட்டு வரிசையில வார்டர முறைச்சிக்கிட்டே தட்டத் தூக்கி எறிஞ்சேன். அது சுவத்துல பட்டுத் திரும்பி என் முட்டிலயே விழுந்துட்டு. வார்டர் பயப்படல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி மருந்து போட்டு விட்டாரு. நல்ல மனுசன், ஆனா அந்த நேரத்துல அவரு மேல எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

பிரமசக்தி மனு பாக்க வந்தப்போ அவகிட்டயும் சொன்னேன். “ஏட்டி, நீ இன்ஸ்பெக்டர்ட்ட போயி, எம் புருசன் பேரச் சொன்னா ஊரே நடுங்குதுன்னு சொல்லு.”

அவ யோசிச்சா. “நடுங்குதுதான். ‘ஜாமீன்ல வந்துருவானோ’ன்னு கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க.”

“அப்படியே போயிச் சொல்லு.”

“அது வேற நடுக்கம். உங்களுக்கு ஒரு ஓட்டு இல்லாட்டி இப்ப என்ன ஆயிரப் போவுது? நல்லா சாப்பிடுங்க, முட்டிக்கு எண்ண போடுங்க”ன்னுட்டுப் போயிட்டா. அவளுக்கு அரசியல் தெரியாது.

குண்டாஸ் கிடைக்கல. வேற என்ன வழி? செல்வின்ட ஓட்டுக் கேட்டேன். என் வாழ்க்கையில நான் நேர்ல கேட்ட ஒரே ஓட்டு அதுதான் அண்ணாச்சி. வேட்பாளரும் உள்ள, வாக்காளரும் உள்ள. கைய எடுத்துக் கும்பிட்டு, “உங்கள் பொன்னான வாக்குகளை வெண்டைக்காய் சின்னத்துக்கு” அப்படின்னேன்.

“எனக்கு வெண்டைக்காய் பிடிக்காது”ன்னான்.

“திங்க வேண்டாம். குறி போட்டாப் போதும்.”

“ஜெயிச்சா என்ன செய்வ?”

“எங்க ஊர்ல பஸ் நிக்கும்.”

“அவ்வளவுதானா?”

“எம் பொண்டாட்டி தலையில சுமையோட நிக்கா செல்வின். அவளப் பாக்காமப் போயிருதான்” அப்படின்னேன். எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அவன் எந்திச்சுப் போயிட்டான்.

தபால் ஓட்டுக் கவர் வந்த அன்னைக்கு அவன ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நான் சன்னலுக்கு வெளிய நின்னேன். தபால் சீட்டுல சின்னம் கிடையாது, பேருதான். உள்ள இருந்து அவன் சத்தம் கேக்குது, “இதுல ரெண்டு பலவேசம் போட்டிருக்கே, இதுல எவன் நம்மாளு?” எனக்குப் பதறிட்டு. “சுயேச்சைன்னு போட்டிருக்கது நானு செல்வின், சுயேச்சை, சுயேச்சை”ன்னு கத்துனேன். வார்டர் ஓடி வந்து, ஓட்டுப் போடுத எடத்துல பிரச்சாரம் பண்ணுதியான்னு என்னைய இழுத்துட்டுப் போயி தனியா அடைச்சிட்டாரு. ஓட்டுப்பதிவு அன்னைக்கும் அங்கனதான் இருந்தேன். வெளிய தொகுதி பூரா எனக்கு ஓட்டுப் போட்டுக்கிட்டு இருக்கு, நான் சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். பிரமசக்தி இந்நேரம் குளிச்சு பூ வச்சு வரிசையில நிப்பா, இந்நேரம் கையில மை வச்சிருப்பாங்க, இந்நேரம் வெண்டைக்காயத் தேடிப் பிடிச்சு அமுக்கியிருப்பான்னு நெனச்சு நெனச்சு எனக்கு அன்னைக்குப் பொழுது போச்சு. அதுதான் சந்தோசமா இருந்த நாளு.

எண்ணுனாங்க. நான் ஜெயிக்கல, அதுக்கென்ன. தொகுதி பூரா நானூத்திச் சொச்சம் ஓட்டு வாங்கியிருந்தேன். பெரிய பலவேசம் அத விடக் கம்மி வித்தியாசத்துல தோத்துட்டாரு. டிவியில எம் பேரச் சொல்லி அழுதாரு, பாவம். மொகம் தெரியாத ஊர்லயெல்லாம் வெண்டைக்காய்க்குப் போட்டிருக்கான் அண்ணாச்சி. நான் பிரச்சாரத்துக்கே போவல, எவன் மூஞ்சியும் பாக்கல, அப்படியும் போட்டிருக்கான். தபால் ஓட்டு எனக்கு ஒன்னே ஒன்னு. செல்வின் சொன்னான், “போட்டுட்டேன்”ன்னு. அவ்வளவுதான் சொன்னான். எண்ணுனா சரியா இருக்கு.

ஆனா பூத் வாரியாப் பாத்தா, பனையடிக்குளத்துல எனக்குப் பூஜ்யம்.

முன்மொழிஞ்ச பத்து பேரு எங்கன்னு நான் கேக்கல. போறவன் போறான். முத்தையாவுக்குக் கண்ணு மங்கல், வேற எதையாவது அமுக்கியிருப்பான். ஆனா அதே பூத்துலதான் பிரமசக்தி ஓட்டும் இருக்கு. ஒன்னாவது இருக்கணும்லா? ஆயிரம் இருக்கணும்னு நான் சொல்லல. ஒன்னு. குண்டாஸ்ல கிடந்தவன் ஓட்டு வந்து சேந்துட்டு. நான் தாலி கட்டுனவ ஓட்டு வரலைன்னா நான் எப்படி அண்ணாச்சி தாங்குவேன்?

பிரமசக்தி ஜெயிலுக்கு மனு பாக்க வந்தப்போ கேட்டேன். அன்னைக்குக் கூட்டம், எல்லாரும் கத்துதாங்க, நானும் கத்திக்கிட்டேதான் கேட்டேன். “ஏட்டி, எனக்குப் போட்டியா?”

அவ முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு, “போட்டேன்”ன்னா.

“வெண்டைக்காய்தான?”

“வெண்டைக்காய்தான்.”

“லைட்டு எரிஞ்சுதா? சத்தம் வந்துதா?”

“எரிஞ்சுது, வந்துது. நீங்க மெலிஞ்சு போயிட்டிய” அப்படின்னா.

அப்போ விசயம் தெளிவாயிட்டுல்லா? மெஷின்தான். நான் மோட்டார் வைண்டிங் பண்ணுதவன், எனக்கு மெஷினப் பத்திச் சொல்லித் தரண்டாம். நல்லாத்தான் ஓடுதுன்னு நெனப்போம், உள்ள ஒரு கம்பி தீஞ்சு கிடக்கும். மெஷின் பொய் சொல்லும். பிரமசக்தி பொய் சொல்ல மாட்டா. பீடிக் கட்டுல ஒரு பீடி குறைஞ்சாக்கூட தானே போயிச் சொல்லுதவ.

எலக்‌ஷன் முடிஞ்ச கையோட எங்க ஊர்ல பஸ் ஸ்டாப்பு வந்துட்டு. ஜெயிச்சவரு போட்டுக் கொடுத்தாரு, கூரை போட்டு, பெஞ்சு போட்டு. எலக்‌ஷனுக்கு முன்னாலயே பீடி சுத்துத பொம்பளைங்களக் கூப்பிட்டு வச்சி, எனக்குப் போடுங்க ஸ்டாப்பு தாரேன்னு சொல்லியிருக்காரு. அந்தக் கூட்டத்துல முன்வரிசையில பிரமசக்தி இருந்தான்னு முத்தையா சொல்லுதான். இருந்திருப்பா, எனக்காக உளவு பாக்கப் போயிருப்பா. கேட்டதுக்கு அவ மறுக்கவும் இல்ல. ஸ்டாப்பு வந்த பெறவு ஜாமீனுக்கும் ஆளு வந்துட்டு. ஒன்னு அவ அண்ணன், இன்னொன்னு பீடிக் கம்பெனி ஏஜெண்டு. அவங்க ரசீதக் கரையான் விட்டு வச்சிருக்கு.

அப்புறம் கேஸு முடிஞ்சுது. சரியா ரெண்டு வருசம் தண்டனைன்னு ஜட்ஜு வாசிச்சாரு. அப்பீல் போட்டு, இப்ப வெளிய இருக்கேன். ரெண்டு வருசமோ அதுக்கு மேலயோ தண்டனை விழுந்தவன் எலக்‌ஷன்ல நிக்கக்கூடாதாம். ஒரு நாள் கொறச்சுக் கொடுத்திருந்தா நிக்கலாமாம். ஆனா வெளிய இருக்கதால ஓட்டுப் போடலாமாம். நல்லா பாத்துக்கிடுங்க. குத்தம் செஞ்சனான்னு தெரியாதப்போ நிக்கலாம், ஓட்டுப் போடக்கூடாது. குத்தவாளின்னு தீர்ப்பான பெறவு ஓட்டுப் போடலாம், நிக்கக்கூடாது. நான் சட்டத்தக் கொற சொல்லல. யாரோ நல்லா யோசிச்சுத்தான் எழுதியிருப்பாங்க. எனக்குத்தான் எட்டல. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு ஓட்டுதான்.

உள்ள எலக்‌ஷன் வேலை பாக்குத இந்த ஆபீஸ் தாசில்தாருக்கு என்னையப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. போன திங்கக்கிழமை பேனாவ மேசையில போட்டுட்டு, “சரி வே, உம்ம சம்சாரம் வந்து, நான் வெண்டைக்காய்க்குத்தான் போட்டேன்னு முத்திரைத்தாள்ல சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடட்டும். மெஷினத் தொறந்து பாக்கச் சொல்லி நான் மேல எழுதுதேன். பொய்ச் சத்தியம்னு தெரிஞ்சுதுன்னா உள்ள போவணும், அதையும் சொல்லிரும்” அப்படின்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்! மூணு வருசமா இதுக்குத்தான அலைஞ்சேன். வீட்டுக்கு ஓடிப் போயி பிரமசக்திட்ட சொன்னேன். அவ புட்டுக்கு மாவு விரவிக்கிட்டு இருந்தா. விரவுத கை நிக்கல. “போடுதேன்”ன்னா.

முத்திரைத்தாள் வாங்கி, எழுதி, இன்னா என் பைக்குள்ளதான் இருக்கு. அவ கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதுக்குத்தான் இன்னைக்கு அவளையும் கூட்டிட்டு வந்தேன். வரும்போது பஸ்ஸுல வெளிய பாத்துக்கிட்டே வந்தவ, கலெக்டர் ஆபீஸ் கேட்டுக்கிட்ட வந்ததும் என் சட்டையப் பிடிச்சு நிப்பாட்டி, “ஏங்க, உள்ள இருந்தா ஓட்டுப் போட முடியாதுல்லா?”ன்னு கேட்டா.

“முடியாது”ன்னேன்.

“எனக்கும் அப்படித்தான?”

“உனக்கு எதுக்குட்டி அந்தக் கவலை? நீதான் பொய் சொல்லலிய.”

“இல்ல, சும்மாக் கேட்டேன்” அப்படின்னா. கேட்டுட்டு, தூக்குச்சட்டிய மாத்தி இடுப்புல வச்சிக்கிட்டு, “எங்க போடணும்னு காட்டுங்க, போட்டுருதேன்”ன்னா. அவ மொகத்தப் பாத்தேன் அண்ணாச்சி. பயம் இல்ல. ஜெயிலுக்குப் போவணும்னாலும் போறேன்னு ஒரு மொகம். நிழல்ல இரு, டோக்கன் கூப்பிட்டதும் வாரேன்னு சொல்லி அவள அங்கன உக்கார வச்சிட்டு இங்கன வந்து உக்காந்தேன். அப்ப இருந்து உங்ககிட்ட பேசிக்கிட்டே இருக்கேன்.

மெஷினத் தொறந்தா தொந்தரவுதான், இல்லையா? மூணு வருசமா எங்கயோ குடோன்ல கிடக்கு, மழைத் தண்ணி இறங்கியிருக்கும், எலி கடிச்சிருக்கும். அது எதையாவது உளறி வைக்கும். அது உளறுததுக்காக இவ உள்ள போயி உக்காரணுமா? அங்க வெந்நி கிடையாது, அவளுக்குப் பச்சத்தண்ணி ஒத்துக்கிடாது. எம் பொண்டாட்டி எம் மொகத்தப் பாத்து போட்டேன்னு சொல்லிட்டா. அதுக்கு மேல ஒரு மெஷின்ட போயி நான் என்னத்தக் கேக்க?

உங்க நம்பரத்தான் கூப்பிடுதான், போங்க. எனக்கு அடுத்த நம்பர், ஆனா நான் போவல. ஒரு உபகாரம் மட்டும் பண்ணிட்டுப் போங்க. அவ இப்ப இங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கா. ஆபீசர் மாறிட்டாரு, புது ஆபீசர் எல்லாத்தையும் வாங்கி வச்சிக்கிட்டாரு, கையெழுத்தெல்லாம் வேண்டாம்னுட்டாரு, அப்படின்னு நான் போயிச் சொல்லப் போறேன். அவ நம்பலைன்னா உங்களத் திரும்பிப் பாப்பா. நீங்க ஆமான்னு தலைய ஆட்டிருங்க அண்ணாச்சி.